ஜவ்வாது மலை, அமாவாசை, ஒரு பழைய 700டி: டிராக்கர் இல்லாமல் பால்வெளி கிடைக்குமா?

2025 பிப்ரவரி 16, கேள்வி

கேனான் 700டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எஃப் 1.8, சுமாரான முக்காலி. கையில் இருப்பது இவ்வளவுதான். சென்னை மொட்டை மாடியில் எடுத்தால் படம் முழுக்க ஆரஞ்சுக் கஞ்சி. மார்ச் 29 அமாவாசை சனிக்கிழமையில் வருகிறது, ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். டிராக்கர் (வானம் நகரும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாமல் போவது பெட்ரோல் செலவுக்குக் கேடு என்கிறார் நண்பர். வீடியோக்களில் 25 வினாடி, ஐ.எஸ்.ஓ 6400, 500 விதி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பிப்ரவரி 16, இரவு, பதில்

டிராக்கர் வேண்டாம். 25 வினாடியும் வேண்டாம். அந்த எண் முழு ஃப்ரேம் கேமராவில் 14 முதல் 20 மி.மீ. லென்ஸ் போட்டவர்களுடையது. உங்கள் சென்சார் அதைவிடச் சிறியது, வெட்டு (எத்தனை மடங்கு சிறியது என்ற எண்) 1.6.

500 விதி, நட்சத்திரம் கோடாகாமல் ஷட்டரை அதிகபட்சம் எவ்வளவு நேரம் திறக்கலாம் என்ற கணக்கு. அதன்படி 18 மி.மீ.க்கு: 500 ÷ (18 × 1.6) = 17 வினாடி. 50 மி.மீ.க்கு 6 வினாடி. இது ஃபிலிம் காலத்துக் கணக்கு. திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒத்துவராது.

அதற்குப் பதில், பிக்சல் அளவையும் சேர்க்கும் என்பிஎஃப் கணக்கு போடுங்கள்: (35 × எஃப் எண் + 30 × பிக்சல் அளவு மைக்ரானில்) ÷ குவியத் தூரம். 700டியின் பிக்சல் 4.3 மைக்ரான். 18 மி.மீ., எஃப் 3.5 என்றால் (122.5 + 129) ÷ 18, அதாவது 14 வினாடி. 50 மி.மீ., எஃப் 2.5 என்றால் 4.3 வினாடி. 13, 4 என்று வைத்துக்கொண்டால் போதும்.

பிப்ரவரி 17

"13 வினாடிக்கும் 17 வினாடிக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்டவருக்கு. வானம் வினாடிக்கு 15 ஆர்க் வினாடி (ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்குதான் ஆர்க் வினாடி) நகர்கிறது. அது வான நடுக்கோட்டில். பால்வெளி மையம் நடுக்கோட்டுக்கு 29 டிகிரி தெற்கே இருப்பதால் அங்கே 13 தான். 700டியில் 50 மி.மீ. போட்டால் ஒரு பிக்சல் சுமார் 17.7 ஆர்க் வினாடி. ஆக 6 வினாடியில் நட்சத்திரம் நாலரை பிக்சல் இழுபடும், 4 வினாடியில் மூன்று. மூன்று பிக்சல் கோட்டை நட்சத்திரத்தின் சொந்தப் பருமனே மறைத்துவிடும். நாலரை மறையாது, அரிசிமணி மாதிரி தெரியும்.

ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்பு மூன்று நட்சத்திரம் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. அதற்கு இன்னும் அரை வினாடி குறைக்கலாம். சப்தரிஷி பக்கம் தாராளமாகக் கூட்டலாம்.

ஐ.எஸ்.ஓ: 700டிக்கு 1600. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அந்தக் காலத்து 18 மெகாபிக்சல் கேனான் சென்சாரில் ஐ.எஸ்.ஓ குறைவாக வைத்து பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினால் இருட்டில் கோடு கோடாக இரைச்சல் வரும். 1600ல் அது அடங்கிவிடுகிறது. 3200, 6400 போனால் புதிதாக ஒளி ஒன்றும் வராது, பிரகாசமான நட்சத்திரங்கள் வெளுத்து நிறம் போவதுதான் மிச்சம். சோனி சென்சார் உள்ள நிக்கான், சோனி கேமராக்காரர்கள் 800லேயே நிற்கலாம்.

சரியா என்று பார்க்க ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று கேமரா காட்டும் வரைபடம்) போதும். மேடு இடது ஓரத்தில் ஒட்டாமல், கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் வரவேண்டும். 4 வினாடிப் படத்தில் மேடு ஓரத்துக்குப் பக்கத்திலேயேதான் நிற்கும், இருண்ட வானத்தில் அது சகஜம். ஒட்டாமல் பிரிந்து நின்றாலே சரி. கேமராவின் பின்திரையை மட்டும் நம்பாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் பிரமாதமாகத் தெரியும்.

பிப்ரவரி 18

மார்ச் 29 இரவு எப்போது எது என்பதற்கு ஒரு கணக்கு. அட்சரேகை 12.5 டிகிரி, காவலூர் வட்டாரம்.

சூரியன் 6.20 சுமாருக்கு மறையும். உண்மையான இருட்டு 7.30க்கு. அதுவரை ஃபோகஸ் வேலையைப் பாருங்கள். 7.30 முதல் 9 வரை ஓரியன் நெபுலா மேற்கே நல்ல உயரத்தில் இருக்கும், 50 மி.மீ. வைத்துப் பழக அதுதான் வசதி.

10.30க்கு நேர் தெற்கே ஈட்டா கரினா நெபுலா உச்சத்தில். உச்சம் என்றாலும் அடிவானத்திலிருந்து 18 டிகிரிக்குள்தான். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தென்சிலுவை அதே உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். 1.15 சுமாருக்கு ஒமேகா சென்டாரி கொத்து, 30 டிகிரி உயரம். ஐரோப்பாவில் பெரும்பகுதியிலிருந்து இந்தக் கொத்து அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கு 50 மி.மீ.யிலேயே நூறு பிக்சலுக்கு மேல் அகலமான பஞ்சு உருண்டையாக விழும். பால்வெளி மையத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதை விட்டுவிட்டுத் தூங்குபவர்களை என்ன சொல்ல.

மையம் எழுவது நள்ளிரவு 12 ஒட்டி, தென்கிழக்கே. அடையாளம்: கேட்டை நட்சத்திரம் சிவப்பாக எழுந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்து. எழுந்த உடனே எடுக்காதீர்கள். 15 டிகிரி ஏறும்வரை தூசும் ஊர் வெளிச்சமும் தின்றுவிடும். 1.30க்குத் தொடங்கினால் விடியல் வெளிச்சம் 4.55 வாக்கில் தொடும்வரை கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம்தான் தங்கம், மையம் அப்போது 40 டிகிரிக்கு மேல்.

திருவண்ணாமலை வெளிச்சம் ஜமுனாமரத்தூர்ப் பக்கமிருந்து தெற்கு-தென்கிழக்கே ஒரு மொட்டாகத் தெரியும். தென்கிழக்கு திறந்திருக்கும் இடம் வேண்டும், ஆனால் அடிவானத்தை ஒரு மேடு மறைத்தால் நல்லதுதான். ஈட்டா கரினா வேண்டுமென்றால் அந்த மேடு 10 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் 10 டிகிரி, அளந்து பாருங்கள்.

பிப்ரவரி 19

அமாவாசை அன்றுதான் போகவேண்டும் என்றில்லை. தினசரிக் காலண்டரில் திதி பாருங்கள். தேய்பிறை தசமி முதல் வளர்பிறை பஞ்சமி வரை போகலாம்.

பிப்ரவரி 22

மேலே நான் எழுதியது பாதி தப்பு. தசமி நிலா எழுவது அதிகாலை 2 சுமாருக்கு. பிப்ரவரி, மார்ச்சில் நமக்கு வேண்டிய மையமும் அதே நேரத்தில்தான் அதே கிழக்கில் ஏறுகிறது. அதாவது தேய்பிறை நிலா வேலை நேரத்தில் வந்து பக்கத்திலேயே உட்காரும். வளர்பிறை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடுகிறது: பஞ்சமி 10 மணி வாக்கில், அஷ்டமி நள்ளிரவு ஒட்டி. ஆகவே மார்ச்சுக்கு சரியான ஜன்னல் தேய்பிறை திரயோதசி முதல் வளர்பிறை சப்தமி, அஷ்டமி வரை. அமாவாசைக்கு முந்தைய வார இறுதியைவிட அடுத்த வார இறுதி மேல். மார்ச் 29ல் மேகம் வந்தால் ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள், முன்கூட்டி மார்ச் 22ஆம் தேதிக்கு இழுக்காதீர்கள்.

ஜூன், ஜூலையில் மையம் மாலையிலேயே மேலே இருப்பதால் கணக்கு தலைகீழ், தேய்பிறை பரவாயில்லை. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவ மேகம் பார்த்துக்கொள்ளும்.

அமாவாசையை ஒட்டி இருட்டான இரவு, ஊர் முழுக்கப் புகை, மேலே வடகிழக்குப் பருவமழை. வான் புகைப்படக்காரனைப் பழிவாங்க யோசித்து வைத்த பண்டிகைதான் தீபாவளி.

பிப்ரவரி 23

ஃபோகஸ். பாதிப் படங்கள் வீணாவது இதில்தான், அமைப்பில் அல்ல.

லென்ஸில் முடிவிலிக் குறியைத் திருப்பி வைத்தால் போதும் என்பது பொய். பெரும்பாலான ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் முடிவிலியைத் தாண்டியும் சுற்றும். மேனுவலுக்கு மாற்றுங்கள், பட நடுக்கம் தடுக்கும் சுவிட்சை அணையுங்கள் (முக்காலி மேல் அதுவே நடுங்கும்). லைவ் வியூவில் சிரியஸ் அல்லது வியாழனை நடுவில் கொண்டுவந்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். வட்டம் சுருங்கிப் புள்ளியாகி மறுபடி விரியும். சுருங்கிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். 50 மி.மீ.யில் பிரகாச நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் வந்தால் ஒரு பக்கம் தவறு, பச்சை வந்தால் மறுபக்கம் தவறு. இரண்டும் மறையும் இடம் சரி. பிறகு ஒரு படம் எடுத்து, பின்திரையில் மங்கலான சின்ன நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய நட்சத்திரம் ஏமாற்றும், சின்னது ஏமாற்றாது.

வளையத்தில் டேப் ஒட்டுவது பழைய வகை லென்ஸுக்கு. மோட்டார் வழியாக ஃபோகஸ் நகரும் எஸ்டிஎம் வகைக்கு ஒட்டிப் பயனில்லை. அதில் கேமரா தானாகத் தூங்கும் வசதியை அணைத்து வைத்து, ஒவ்வொரு முறை ஆன் செய்தபோதும் மறுபடி பார்ப்பது நல்லது. எந்த லென்ஸானாலும் வெப்பநிலை 4, 5 டிகிரி இறங்கினால் ஒருதரம் சரிபார்க்க வேண்டும். மலையில் 8 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் அது நடந்துவிடும்.

50 எஃப் 1.8ஐ முழுதாகத் திறக்காதீர்கள். மூலையில் நட்சத்திரம் பறக்கும் பறவையாகும். எஃப் 2.5ல் பாதி சரியாகும், 2.8ல் முக்கால்.

மார்ச் 2

வானம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், மூன்று பேருமே "சீயிங்" என்ற சொல்லை வேறு வேறு பொருளில் எழுதியிருக்கிறீர்கள்.

சீயிங் என்றால் காற்றின் நடுக்கம். நட்சத்திரம் மினுக்குவது அதனால். தொலைநோக்கியில் வியாழன், சனி எடுப்பவருக்கு அது உயிர். 50 மி.மீ. லென்ஸ்காரருக்கு ஒன்றுமில்லை: நடுக்கம் 2, 3 ஆர்க் வினாடி, உங்கள் ஒரு பிக்சலோ 17. உங்களுக்கு வேண்டியது தெளிவு: தூசி, புகை, ஈரப்பதம், மெல்லிய உயர்மேகம் இல்லாத வானம். இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர். மழை பெய்து காற்று கழுவிவிட்ட அடுத்த இரவில் நட்சத்திரம் படபடவென்று மினுக்கும், ஆனால் பால்வெளி வெட்டிவிட்ட மாதிரி தெரியும். அது நம் இரவு. அசைவில்லாத, வெதுவெதுப்பான, லேசாக மூட்டமான இரவு கோள்காரருக்கு. போகிக்கு மறுநாள் சென்னையில் இருவருக்குமே ஒன்றுமில்லை.

தெளிவு அளக்கக் கருவி வாங்க வேண்டாம். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் பக்கத்தில் அருந்ததி வெறும் கண்ணுக்குத் தெரிகிறதா? அருந்ததியின் பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 4. தெரியவில்லை என்றால் பால்வெளியை மறந்துவிட்டு நிலாவையோ கோள்களையோ எடுங்கள். கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் பார்த்தவர்கள் கணக்கில் இல்லை. அடுத்த படி கார்த்திகைக் கூட்டம்: ஆறு எண்ண முடிந்தால் 4.3 வரை தெரிகிறது. அதற்கும் மேலே ஏழு, எட்டு என்று போனால் நல்ல வானம். இருட்டில் 20 நிமிடம் போன் பார்க்காமல் இருந்த பிறகு எண்ண வேண்டும்.

மேகத்துக்கு: முன்கணிப்புச் செயலி இரண்டு மூன்றைப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள். கிளம்பும் மாலையில் வானிலைத் துறையின் இன்சாட் அகச்சிவப்புப் படத்தை அரைமணிக்கொருதரம் பார்த்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள், செயலியைவிட அது மேல். ஒரு சூட்சுமம்: இரவு அகச்சிவப்புப் படம் வெப்பத்தைத்தான் பார்க்கிறது. தாழ்ந்த மேகமும் தரையும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பதால் படத்தில் சுத்தமாகத் தெரியும் மலை, நேரில் மூட்டத்துக்குள் இருக்கும். ஈரப்பதம் 95க்கு மேல், காற்றே இல்லை என்று முன்கணிப்பு சொன்னால் படம் கறுப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 5

பனி. வெளிநாட்டு வீடியோவில் பனி என்றால் குளிர்காலச் சமாசாரம். இங்கே மார்ச்சிலும் விழும்.

காற்றின் வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் 3 டிகிரிக்குள் வந்தால் லென்ஸ் நனையும். காற்று இன்னும் பனிநிலைக்கு வராதபோதே ஏன் நனைகிறது என்றால், மேலே பார்த்தபடி நிற்கும் கண்ணாடி திறந்த வானத்துக்கு வெப்பத்தைக் கொட்டி, காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடுகிறது. லென்ஸ் ஹூட் போடுவது கொஞ்ச நேரம் தாங்கும். நம்பகமானது யூஎஸ்பி சூடாக்கும் பட்டை. லென்ஸின் முன்விளிம்பில் சுற்றுங்கள், ஃபோகஸ் வளையத்தின் மேல் வேண்டாம். 5 வாட் பட்டைக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஐந்து மணி நேரம் தாராளம்.

பட்டையைக் குளிரத் தொடங்கும் முன்பே ஆன் செய்யவேண்டும். பிறகு 15, 20 நிமிடம் கழித்துத்தான் ஃபோகஸ். சூட்டில் லென்ஸ் விரிந்து ஃபோகஸ் நகரும். முதலில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பட்டையைப் போடுபவர்கள் ராத்திரி முழுக்க மங்கலாக எடுப்பார்கள்.

நனைந்துவிட்டால் துடைக்காதீர்கள். பட்டை இல்லையென்றால் கார் ஹீட்டர் காற்றை எட்டத்திலிருந்து காட்டுங்கள்.

மார்ச் 6

விட்டுப்போனது: ஏசி காரில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்தால் நொடியில் ஆவி படியும், உள்ளேயும். மூடிய பையோடே முக்கால் மணி வெளியே வையுங்கள். திரும்பி வந்த பிறகு ஈரத்தோடு பையில் பூட்டினால் இரண்டு மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை. நீல சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50. ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் வறுத்து மறுபடி போடலாம். சமையல் வாணலியில் வேண்டாம்.

மார்ச் 12

எத்தனை படம்? ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சலுக்கு எதிரான லாபம் வர்க்கமூலப்படி: 4 படம் 2 மடங்கு, 100 படம் 10 மடங்கு. 18 மி.மீ.யில் 13 வினாடி 40 படம், 50 மி.மீ.யில் 4 வினாடி 200 படம். இரண்டும் பத்து, பதினைந்து நிமிட வேலைதான்.

50 மி.மீ.யில் ஒரு மணி நேரத்தில் வானம் படத்தின் பாதி அகலத்துக்கு நகர்ந்துவிடும். 10 நிமிடத்துக்கொருமுறை முக்காலியைத் திருப்பி மறுபடி நடுவில் கொண்டுவாருங்கள். 18 மி.மீ.யில் 10 நிமிடத்துக்கு மேல் ஒரே அடுக்கில் சேர்த்தால் ஓரங்கள் ஒட்டாது, அகன்ற லென்ஸின் வளைவு காரணம்.

700டியில் இடைவெளி டைமர் கிடையாது. ரிமோட் கேபிளில் பொத்தானைப் பூட்டி வைத்து, டிரைவை தொடர் முறையில் போட்டு, ஷட்டரை 4 வினாடி வைத்தால் அட்டை நிறையும்வரை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். நீண்ட வெளிப்பாட்டு இரைச்சல் நீக்கம் அணைந்திருக்கவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு மடங்கு நேரம் போகும். ரா வடிவம் மட்டும். பேட்டரி இரண்டு.

துணைப் படங்கள்: டார்க் (சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க), மூடி போட்டு அதே நேரம் அதே ஐ.எஸ்.ஓ, 30. ஃபிளாட் (மூலை இருட்டைச் சரிசெய்ய), லென்ஸ் வாய்க்கு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் போர்த்தி வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து 30. ஃபோகஸையும் துவாரத்தையும் தொடாமல். போன், டேப்லெட் திரையை ஒளியாக வைத்தால் ஷட்டர் 1/30க்கு மெதுவாக இருக்கட்டும், திரையின் துடிப்பு பட்டையாக விழும். ஃபிளாட் இல்லாமல் மூலை இருட்டை மென்பொருளில் சரிசெய்வது, கோலத்தை அழித்தழித்துப் போடுகிற மாதிரி.

மார்ச் 15

டார்க் பற்றி மறுயோசனை. சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய 6 டிகிரிக்கு இரட்டிப்பாகிறது. மலையில் 20 டிகிரியில் எடுத்த படத்துக்கு மறுநாள் சென்னை வீட்டில் 29 டிகிரியில் டார்க் எடுத்தால், கழிக்கவேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கழிக்கிறீர்கள். படம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. அங்கேயே எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். டிராக்கர் இல்லாத படத்தில் வானம்தான் சென்சார் மேல் நகர்கிறது, சூடான பிக்சல் நகர்வதில்லை. 100 படத்துக்கு மேல் இருந்தால் அடுக்கும்போது சிக்மா நீக்கம் (மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத பிக்சலைத் தள்ளும் முறை) அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். 50 மி.மீ. 200 படத்துக்கு டார்க் தேவையே இல்லை என்பேன். 18 மி.மீ. 40 படத்துக்கு வேண்டும். ஃபிளாட் இரண்டுக்கும் வேண்டும், அதில் மாற்றமில்லை.

மார்ச் 20

சிவப்பு விளக்கு, இல்லையென்றால் சாதாரண டார்ச்சில் சிவப்பு ஜிகினாத்தாள் மூன்று மடிப்பு. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களில் மெல்லியதைக் கடைசியாக நீட்டுங்கள், நடுவில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், ஆடினால் அதுவே ஊஞ்சல்.

வனத்துறை இடத்தில் இரவு தங்க அனுமதி கேட்டு வாங்குங்கள். தங்கும் விடுதி மொட்டை மாடி போதுமானது, முகப்பு விளக்கை அணைக்கச் சம்மதிக்க வைத்தால். காவலூர் வானாய்வகம் பக்கம் வண்டி முகப்பொளி, டார்ச் அடிக்காதீர்கள். 1977ல் யுரேனஸ் வளையம் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்த மலை அது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அதே அமாவாசைதான்.

மார்ச் 28

கிளம்பும் முன் கேமரா கடிகாரத்தைச் சரிசெய்து, அட்டையை ஃபார்மேட் செய்து, ஷட்டர் கேபிளை ஒருதரம் சொருகிப் பாருங்கள். அவ்வளவுதான்.

மார்ச் 31

வந்த படங்களைப் பார்த்தேன். நட்சத்திரம் இருக்கிறது, தூசிப் பாதை தெரிகிறது, டிராக்கர் கேட்ட நண்பருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். குறைகள்:

படம் முழுக்க ஒரே திசையில் கோடு, ஆனால் முதல் மூன்றில் மட்டும். வானம் இழுத்ததல்ல, கை வைத்த அதிர்வு. ஒவ்வொரு தொடரிலும் முதல் மூன்றை எறியுங்கள். மூலையில் மட்டும் பறவை வடிவம் என்றால் லென்ஸ், ஓரத்தை வெட்டிவிடுங்கள். 2.40 முதல் 3.05 வரை நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வளர்ந்துகொண்டே போகிறது: பனி. அந்த 70 படத்தையும் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தாலும் சுத்தமானதே மேல், மங்கலான படம் அடுக்கில் மற்றதையும் கீழே இழுக்கும்.

பச்சைப் பூச்சு பற்றிக் கவலை வேண்டாம். சென்சார் பச்சையைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், நிறச் சமன் செய்யும்வரை அடுக்கிய படம் அப்படித்தான் வரும். சிரில் மென்பொருளில் வரிசை: முதலில் ஓரம் வெட்டு, பிறகு பின்னணிச் சரிவு நீக்கம், பிறகு நட்சத்திர நிறத்தை வைத்து நிறச் சமன், அதற்குப் பிறகுதான் இழுவை (மங்கலானதை வெளிச்சமாக்குவது). நிறச் சமனை முன்னால் செய்தால் அடிவானத்து ஊர் வெளிச்சமும் கணக்கில் சேர்ந்துவிடும். மரத்தையும் மலையையும் தனியாக, நகராத ஒரு அடுக்கில் எடுத்து ஒட்டுங்கள். விண்டோஸ் என்றால் சீக்வேட்டர் என்ற மென்பொருள் இதைத் தானே செய்யும்.

நெபுலாக்கள் ஏன் சிவப்பாக வரவில்லை என்று கேட்டதற்கு: கேமராவில் சென்சார் முன்னால் உள்ள வடிகட்டி ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, கால் பங்கு அளவே உள்ளே வரும். கழற்றி மாற்றலாம், ஆனால் பிறகு பகல் படமெல்லாம் செம்மண் நிறம்.

ஏப்ரல் 9

சென்னை மாடிக்கு ஒளி மாசு வடிகட்டி வாங்கலாமா என்பவருக்கு. பழைய சோடியம் தெருவிளக்கு ஒரு சில நிறத்தில் மட்டும் எரிந்தது, அதை வெட்டினால் பலன் இருந்தது. இப்போது எல்இடி எல்லா நிறத்திலும் கொட்டுகிறது, வெட்டுவதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டு கோட்டை மட்டும் விடும் குறுகிய வடிகட்டி வேலை செய்யும், ஆனால் அது நெபுலாவுக்கு மட்டும், அதுவும் டிராக்கரோடு. பால்வெளிக்கு பெட்ரோல்தான் வடிகட்டி.

ஏப்ரல் 20

கடைசியில் டிராக்கர் பேச்சுக்கே வந்துவிட்டோம். வாங்கும் முன் இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு எம்6 மரை ஆணி வைத்துச் செய்து பாருங்கள். எம்6 ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், கீலிலிருந்து ஆணி 228.6 மி.மீ. தள்ளி இருந்தால் பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். 15 வினாடிக்குக் கால் சுற்று கையாலேயே போதும். வடக்குப் பார்த்து நின்றால் கீல் இடப்பக்கம் இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் நட்சத்திரம் இழுபடுவது இரட்டிப்பாகும், அதை வைத்தே தப்பைக் கண்டுபிடிக்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டம் வேண்டாம், நேர் ஆணியில் பிழை கூடிக்கொண்டே போகும்: 10 நிமிடத்தில் 6 ஆர்க் வினாடி, 20ல் 45.

கீலின் கோடு துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். நம் ஊரில் அது வெறும் 12, 13 டிகிரி உயரம், ஏறக்குறைய படுத்த கீல். தென்னைக்கும் மூட்டத்துக்கும் பின்னால் துருவம் தெரியாது. திசைகாட்டியும் போனின் சாய்வுமானியும் வைத்தால் 50 மி.மீ.க்கு 30 வினாடி வரை தாங்கும். கடையில் வாங்கும் பெரிய மவுண்டிலும் இதே தொல்லை: எதிர்எடைத் தண்டு வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, வடக்கே ஒரு காலுக்குப் பதில் இரண்டு கால்களின் இடைவெளி வரும்படி வைத்தால் தீரும்.

ஏப்ரல் 23

பலகை செய்தும் கோடு விழுகிறது என்று எழுதியவருக்கு: 228.6 என்பது கீலின் ஊசி நடுவிலிருந்து ஆணியின் நடுவுக்கு. பலகை விளிம்பிலிருந்து அல்ல. உங்கள் படத்தில் அளவு நாடா விளிம்பில் தொடங்குகிறது.